அளவு நாடாவில் அகப்படாத வலி

தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். நோயாளியைக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரு ஓரங்களிலும் ஓடும் தமனிகளை விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். கையை விரித்ததும் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டவுடன் சிவப்பு திரும்பினால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள். நர்ஸிங் மாணவிகளுக்குக்கூட மனப்பாடமான ஆலன் சோதனை இது. 1929-இல் இதன் முதல் வடிவத்தை விவரித்த எட்கர் வான் நைஸ் ஆலன், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்கில் ரத்தக்குழாய் நோய்களைப் பார்த்துவந்தவர். அவரும் சக மருத்துவர் எட்கர் ஹைன்ஸும் சேர்ந்து 1940-இல் தங்கள் மருத்துவமனை இதழில் இன்னொன்றையும் எழுதினார்கள். கையைப் பற்றி எழுதியது உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. காலைப் பற்றி எழுதியதை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை.

இடுப்புக்கு மேலே சாதாரண உடல்வாகு, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் ஒரே சீராகப் பருத்துக்கொண்டே போவது. அப்படி வந்த பெண்களைத்தான் அவர்கள் விவரித்தார்கள். நெடுநேரம் நின்றால் தொந்தரவு கூடும், வெக்கை நாட்களில் இன்னும் கூடும், ஆனால் பாதம் மட்டும் தப்பித்துவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் லிப்பிடீமா. 1951-இல் வோல்டு என்ற மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு 119 பெண்களின் விவரங்களைத் தொகுத்தபோது அடையாளங்கள் இன்னும் துலங்கின. காலைத் தூக்கி வைத்துப் படுத்தாலும் பருமன் வடிவதில்லை, உடல் எடை குறைந்தாலும் கால் அதே விகிதத்தில் குறைவதில்லை, தொட்டால் வலிக்கிறது, லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகிறது. இன்றைய மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அடையாளப் பட்டியலும் பெரும்பாலும் அதுவே.

பட்டியலில் வலி அப்போதே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை ஓரத்தில் தள்ளிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அளந்தார்கள். கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதை வைத்து 5 வகைகள் பிரித்தார்கள்: புட்டத்திலும் இடுப்பிலும், முழங்கால் வரை, கணுக்கால் வரை, கைகளில், கெண்டைக்காலில் மட்டும். தோலின் தோற்றத்தை வைத்து 3 நிலைகள். மேலே வழுவழுப்பாக இருந்தால் முதல் நிலை, மேடுபள்ளமானால் இரண்டாவது, சதை மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் மூன்றாவது. வலி எவ்வளவு, அந்தப் பெண்ணால் எத்தனை படி ஏற முடிகிறது, மடியில் குழந்தையை உட்காரவைக்க முடிகிறதா என்பதற்கெல்லாம் இந்தப் பகுப்பில் கட்டமே இல்லை. முதல் நிலையில் உள்ள பெண் இரவெல்லாம் கால் உளைச்சலில் புரள்வதும், மூன்றாம் நிலையில் உள்ளவர் ஓரளவு நடமாடிக்கொண்டிருப்பதும் உண்டு. தோற்றத்தை வைத்துப் பிரித்த வரிசைக்கும் துன்பத்தின் அளவுக்கும் நேரான தொடர்பு கிடையாது.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது, மரபணுச் சோதனையும் கிடையாது. மருத்துவரின் விரலும் பொறுமையும்தான் முதல் கருவிகள். முன்காலில் கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்துகிறார். நீர் கோத்த காலாக இருந்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும்; இங்கே குழி அநேகமாக விழாது, ஆனால் அழுத்தின மாத்திரத்தில் அந்தப் பெண் காலை இழுத்துக்கொள்வார். அடுத்து, காலின் இரண்டாம் விரலடித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்க்கிறார். பிரெஞ்சு மருத்துவர் ராபர்ட் ஸ்டெம்மர் 1976-இல் சொன்ன சோதனை இது. நிணநீர் தேங்கிய காலில் அந்தத் தோல் தடித்துப்போய்க் கிள்ளவே வராது, லிப்பிடீமாவில் சுலபமாக வரும். பிறகு கணுக்கால். அதுவரை இறங்கிவந்த சதை அங்கே ஒரு மடிப்பாகத் தேங்கி நிற்க, அதற்குக் கீழே பாதம் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும். தொடையின் உட்புறத்தை விரல்களால் உருட்டிப் பார்த்தால் தோலுக்கடியில் ஊறவைத்த ஜவ்வரிசி தட்டுப்படுவது போலச் சிறுசிறு முடிச்சுகள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், வயதுக்கு வந்த சமயம், முதல் பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று இந்த மூன்றில் ஒன்றைச் சொல்பவர்களே அதிகம். அம்மாவுக்கோ அத்தைக்கோ இதே கால் இருந்ததாகவும் பலர் சொல்வார்கள். ஆண்களுக்கு வருவது மிக அபூர்வம். வந்தவர்களிலும் ஹார்மோன் குறைபாடோ கல்லீரல் நோயோ சேர்ந்திருப்பதையே மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பருத்த கால் என்றதும் அக்கம்பக்கத்தார் வாயில் வரும் முதல் சொல் யானைக்கால். கொசு பரப்பும் ஃபைலேரியா புழுவால் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போய் வரும் அந்த நோயைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர் இது. இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. யானைக்கால் பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும்; இரண்டிலும் வந்தாலும் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருக்கும். பாதம் வீங்கும். நெறிகட்டி, குளிர்காய்ச்சல் வந்து வந்து போகும். நாளாக ஆகத் தோல் தடித்துச் சொரசொரப்பாகும். லிப்பிடீமாவில் இரண்டு காலும் ஜோடியாகப் பருக்கும், பாதம் தப்பும், நெறி கட்டாது, காய்ச்சல் வராது. ஆனால் லிப்பிடீமா உள்ள பெண்ணுக்கு உடல் எடையும் மிக அதிகமாகிப்போனால், வருடங்கள் கழித்து நிணநீர்த் தேக்கமும் வந்து சேரலாம். அப்போது அடையாளங்கள் கலந்துவிடும், அனுபவமுள்ள கண் வேண்டியிருக்கும். வெரிகோஸ் நரம்பும் கூடவே இருந்தால் குழப்பம் இன்னொரு படி ஏறும். காலில் புடைத்த நரம்பு தெரிவதால் அதற்கு மட்டும் சிகிச்சை நடக்கும். உளைச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

இவ்வளவு தெளிவான அடையாளங்கள் இருந்தும் பெண்கள் ஏன் பல வருடங்கள் அலைகிறார்கள்? எடை மெஷின்தான் முதல் காரணம். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் எடை, உயரம், உடல் நிறை எண். இந்தியர்களுக்கு அந்த எண் 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்பது நம் மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட வரம்பு. கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. நம்மவர்களில் பலருக்கு வயிற்றில்தான் கொழுப்பு சேர்கிறது. கை கால் மெலிந்திருக்க உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் உடல்வாகு அது. லிப்பிடீமா அதற்கு நேர்மாறு. இடை சிறுத்திருக்க, தொடையும் இடுப்பும் பருக்கின்றன. தொடையில் சேரும் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பின் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. அதனால் எண் எகிறியிருக்கும் பெண்ணுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொழுப்பும் சரியாகவே இருக்கலாம். ‘எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், கொஞ்சம் வாயைக் கட்டுங்க, நடங்க’ என்ற அறிவுரையோடு அவர் வீட்டுக்கு வருவார். வாயைக் கட்டுவார். கன்னம் ஒட்டும், கழுத்தெலும்பு தெரியும், கால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ‘ஒழுங்காக டயட் இருக்கவில்லை’ என்பது அடுத்த முறை கேட்கும் வசை.

உயரத்தில் பாதிக்குள் இடைச் சுற்றளவு இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடப் பயனுள்ள கணக்கு. ஒரு தையல் டேப் போதும். ஐரோப்பிய மருத்துவர்கள் லிப்பிடீமா நோயாளிகளிடம் இப்போது உடல் நிறை எண்ணோடு இதையும் பார்க்கிறார்கள். நம் ஊரில் இன்னொரு மறைப்பும் உண்டு. சேலையும் தொளதொள சல்வாரும் கணுக்கால்வரை மூடிவிடுவதால் காலின் வடிவம் வீட்டாருக்கே சரியாகத் தெரிவதில்லை. ரெடிமேட் கடையில் மேலுக்கு ஒரு அளவு, கீழுக்கு மூன்று அளவு பெரியது என்று தேடும்போது, அதைக் கேட்டு வாங்கும் பெண்ணுக்கு மட்டும் தெரிகிறது.

இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள் மருத்துவ ஆய்வு நடக்கும் விதத்தையே காட்டிக்கொடுக்கின்றன. பெண்களில் 11 சதவீதம் என்று ஒரு கணக்கு பல கட்டுரைகளில் சுற்றி வருகிறது. ஒன்பது பெண்களுக்கு ஒருவர். 2010-இல் பிரிட்டனில் குடும்பங்களை ஆராய்ந்த ஒரு குழு, குறைந்தபட்சம் 72,000 பேருக்கு ஒருவர் என்றது. ஒரே நோய்க்கு இரண்டு மதிப்பீடுகள், நடுவே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். பிரிட்டன் கணக்கு, சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, அங்கே பெயர் சொல்லி உறுதி செய்யப்பட்டவர்களை மட்டும் எண்ணியது. பெயரே தெரியாத மருத்துவர் யாரையும் அனுப்ப மாட்டார் என்பதால் அது மிகச் சிறுத்துப்போனது. மறுபக்கம், ஜெர்மனியில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு வேலைக்குப் போகும் 62 பெண்களைச் சோதித்து, பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பதாகச் சொன்னது. 62 பேரில் அது 6 பேர். நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று மேடையில் முழங்கும்போது, இப்படிப்பட்ட சிறு அஸ்திவாரங்கள்மீது எவ்வளவு கனம் ஏற்றப்படுகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பருத்த தொடை இருந்தும் வலியே இல்லாத பெண்கள் ஏராளம். அவர்களையும் சேர்த்தால் ஒரு கணக்கு, சேர்க்காவிட்டால் வேறொரு கணக்கு.

உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, லிப்பிடீமா உள்ள பெண்களின் தொடைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து 2019-இல் எழுதியது. கொழுப்புச் செல்கள் ஊதிப் பெரிதாகியிருந்தன. அவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் கூடியிருந்தன. நுண் ரத்தக்குழாய்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தது. உடல் எடை மிகாத பெண்களிடமும் இந்த மாற்றங்கள் தெரிந்தன என்பதே அதில் கவனிக்க வேண்டியது. நாஷ்வில் நகரத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2018-இல் சோடியத்தைப் படமெடுக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. மூலம், நோயுள்ள கால்களின் தோலில் உப்பு கூடுதலாகத் தங்குவதைக் காட்டியது. 2020-இல் இத்தாலியில் ஒரு குடும்பத்தில் லிப்பிடீமா இருந்தவர்களிடம், புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவில் மாற்றம் கண்டார்கள். பூப்பு, பிரசவம், மாதவிடாய் நிற்பது என்று நோய் தலைகாட்டும் காலங்களோடு இது பொருந்துகிறது. ஆனால் ஒரு குடும்பத்துச் சாவி எல்லா வீட்டுப் பூட்டையும் திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மற்ற நோயாளிகள் பெரும்பாலோரிடம் ஒற்றை மரபணுக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

வலியைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்கள் அண்மையில்தான் வந்தார்கள். நரம்பு வலிக்காக ஜெர்மனியில் வகுத்த ஒரு சோதனை முறை இருக்கிறது. சூடு, குளிர்ச்சி, மெல்லிய நார் தொடுவது, ஊசிமுனை குத்துவது, அழுத்துவது, ட்யூனிங் ஃபோர்க் அதிர்வு என்று 13 அளவீடுகளை அது எடுக்கும். உடல் எடை மிகாத லிப்பிடீமா நோயாளிகளிடம் இதைச் செய்து 2024-இல் முடிவை வெளியிட்டது ஒரு ஜெர்மன் குழு. பெரும்பாலான அளவீடுகளில் அவர்கள் மற்ற பெண்களைப் போலவே இருந்தார்கள். தொடையில் இரண்டு மட்டும் மாறியிருந்தன: மற்றவர்களுக்கு வலிக்காத அழுத்தமே அவர்களுக்கு வலித்தது, அதிர்வை உணரும் திறனும் வேறுபட்டிருந்தது. நோய் தொடாத கையில் அந்த மாற்றம் இல்லை. ஆக, இந்தப் பெண்கள் எதையும் தாங்காதவர்கள், சின்னதைப் பெரிதாக்குபவர்கள் என்ற பழி அடிபட்டுப்போகிறது. வலி தொடையில் இருக்கிறது, அங்கே அளக்கவும் முடிகிறது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே. ஆனாலும் மருத்துவமனைகளில் நாள்தோறும் சொல்லப்படும் ஒரு வசைக்கு இது நேரான பதில்.

மருத்துவர்கள் தரப்பில் இப்படி என்றால், நோயாளிகள் தரப்பில் வேரூன்றிய சில நம்பிக்கைகளும் ஆட்டம் கண்டிருக்கின்றன. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஹின்டர்சார்ட்டன் என்ற ஊரில், நிணநீர் நோய்களுக்கென்றே ஃபோல்டி தம்பதியர் தொடங்கிய மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே பணியாற்றும் டோபியாஸ் பெர்ட்ஷ் தன் சகாக்களோடு 2018 முதல் ‘லிப்பிடீமா: கட்டுக்கதைகளும் உண்மைகளும்’ என்ற பொருளில் ஒரு தொடர் எழுதினார். காலில் பொருட்படுத்தும் அளவு நீரே கோக்கவில்லை, ஆகவே நீர் வடிக்கும் மசாஜை ஆயுள் முழுக்கச் செய்வதில் பொருளில்லை என்றார்கள். நோய் தானாகவே வளர்ந்துகொண்டு போவதில்லை, உடல் எடை கூடும்போதுதான் முற்றுகிறது என்றார்கள். 150 நோயாளிகளிடம் விசாரித்து, வலி தொடங்கும் முன்பே பலரிடம் கடும் மன அழுத்தம் இருந்ததாகவும் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதுதான் நெருப்பைப் பற்றவைத்தது. ‘எல்லாம் உன் மனசுல இருக்கு’ என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு நொந்த பெண்களிடம், படித்தவர் வாயிலிருந்தே அது திரும்பி வந்தால் கொதிக்கத்தானே செய்வார்கள். நோயாளர் சங்கங்கள் எதிர்த்தன. மற்ற மருத்துவர்களும் எதிர்வாதம் எழுதினார்கள். மனச்சுமை வலியைக் கூட்டும் என்பது எந்த நாள்பட்ட நோய்க்கும் பொருந்தும். முன்னே வந்தது என்பதாலேயே காரணம் ஆகிவிடாது என்பதை அந்த ஆய்வு போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை. நீர் விஷயத்திலும் எடை விஷயத்திலும் பெர்ட்ஷ் தரப்பின் வாதம் பெருமளவு நின்றுவிட்டது.

‘இந்தக் கொழுப்பு டயட்டுக்கு அசையவே அசையாது’ என்ற வாக்கியம் பல பெண்களுக்கு ஆறுதல் தந்தது உண்மை. தன் மேல் தப்பில்லை என்று அவர்கள் முதன்முதலாக நம்பியது அதைக் கேட்டுத்தான். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, உடல் பருமனும் லிப்பிடீமாவும் சேர்ந்திருந்த பெண்களை ஆராய்ந்தபோது, சுமார் 9 சதவீத எடை குறைந்ததும் காலின் கொழுப்பும் குறைந்தது, இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டது. மாறாமல் நின்றவை திசுவில் இருந்த அழற்சியின் அடையாளங்கள். நார்வேயில் 70 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, 8 வாரம் இருவருக்கும் நாளொன்றுக்கு 1200 கலோரி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்தும், மற்றதற்குக் கொழுப்பும் குறைத்த உணவு. மாவுச்சத்து குறைத்த குழுவில் எடையும் கூடுதலாகக் குறைந்தது, வலியும் குறைந்தது. சோறும் இட்லியும் இல்லாமல் 8 வாரம் ஓட்டலாம், 8 வருடம் ஓட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. ஆயினும் உணவுக்கும் வலிக்கும் தொடர்புண்டு என்பதை இனி ஒதுக்கிவிட முடியாது. சாப்பாட்டால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது.

அன்றாடச் சிகிச்சை என்று பார்த்தால் ஸ்டாக்கிங்தான் முதலிடம். கடையில் தொங்கும் வெரிகோஸ் ஸ்டாக்கிங் பெரும்பாலும் உருளையாகப் பின்னியது. அதில் தையல் இருக்காது, கண்ணிகளின் எண்ணிக்கை மேலிருந்து கீழ்வரை ஒன்றே. முழங்காலுக்கும் தொடைக்கும் அளவு வெகுவாக மாறும் காலில் அது மடிப்புகளுக்குள் சுருண்டு போய்க் கயிறாக அறுக்கும். லிப்பிடீமாவுக்கு ஏற்றது தட்டையாகப் பின்னிப் பின்புறம் தைத்தது. ஒவ்வொரு சுற்றளவையும் தனித்தனியே டேப்பில் எடுத்து, அதற்கேற்பக் கண்ணியைக் கூட்டிக் குறைத்துப் பின்னுவார்கள். துணி விறைப்பானது, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கணுக்காலிலிருந்து அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். ஜெர்மன் தரப்படி இரண்டாம் வகுப்பு என்றால் கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். கால் ஒல்லியாகிவிடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். கனமும் உளைச்சலும் தணியும், அதற்குத்தான் இது. சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கச் சொல்வது எளிது, நிற்பது எளிதல்ல. கழுத்துவரை தண்ணீரில் நடப்பதும் நீந்துவதும் பல பெண்களுக்கு ஒத்துக்கொள்கிறது. தண்ணீரே காலை நாலாபுறமும் சீராக அழுத்துகிறது, மூட்டின்மேல் எடையும் விழுவதில்லை.

அறுவை சிகிச்சை என்றால் லைப்போசக்‌ஷன். அழகுக்காகச் செய்துகொள்வது என்று பெயரெடுத்த முறை. 1980-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் இதைப் பாதுகாப்பாக்கினார். உப்புநீரில் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் நிறைய ஏற்றினால், அந்த இடம் மரத்துப்போகும், ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். பிறகு மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சலாம். லிப்பிடீமாவில் நிணநீர்க் குழாய்களுக்குச் சேதம் வராமல் இருக்க, காலின் நீளவாக்கிலேயே குழாயை ஓட்ட வேண்டும். ஒரே நாளில் முடியாது. தொடையின் வெளிப்புறம், உட்புறம், கெண்டைக்கால் என்று பல தவணைகள். செய்துகொண்டவர்களில் பலர் வலியும் கன்றிப்போவதும் வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்து நடத்திய ஆய்வு மட்டும் நெடுங்காலம் வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் ஜெர்மனி மாட்டிக்கொண்டது. அங்கே சட்டப்படியான மருத்துவக் காப்பீடு எந்தச் சிகிச்சைக்குப் பணம் தரும் என்பதை மருத்துவர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிதியங்கள் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு முடிவு செய்கிறது. நோயாளர் பிரதிநிதிகள் 2014-இல் அதன் கதவைத் தட்டினார்கள். 2017-இல், பலன் தரக்கூடும், ஆனால் சான்று போதாது, முறையான ஆய்வு நடத்துவோம் என்றது குழு. பெண்கள் கைக்காசைப் போட்டு, கடன் வாங்கி அறுவை செய்துகொண்டிருந்தார்கள். 2019 ஜனவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் யென்ஸ் ஸ்பான் குறுக்கே புகுந்தார். 30 லட்சம் பெண்கள்வரை அவதிப்படுகிறார்கள், குழுவுக்காகக் காத்திருக்க முடியாது, நேரடியாகக் காப்பீட்டில் சேர்க்க எனக்கு அதிகாரம் கொடுங்கள் என்றார். சான்றைப் பார்த்து முடிவெடுக்கும் முறையை அமைச்சர் கையெழுத்து ஒன்றால் உடைக்கலாமா என்று மருத்துவ உலகம் பொங்கியது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்த ஆண்டே ஒரு நடுவழி கிடைத்தது: மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு மட்டும் 2020 முதல் தற்காலிகமாகக் காப்பீடு. ஆறு மாதம் மற்ற சிகிச்சைகள் செய்தும் தணியாதவர்களுக்கு மட்டும், உடல் நிறை எண் 40-ஐத் தாண்டியவர்களுக்கு இல்லை என்று நிபந்தனைகள்.

மூன்றாம் நிலை என்பது தோற்றத்தை வைத்து வகுத்தது. அதாவது, வலியில் துடிக்கும் முதல் நிலைப் பெண்ணுக்குப் பணம் கிடையாது. அவர் கால் இன்னும் அவலட்சணமாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பழைய பகுப்பின் அபத்தம் இவ்வளவு வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான். 2024-இல் வெளியான ஜெர்மன் மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி நெறி, அந்தப் பகுப்பை வைத்துத் தீவிரத்தை முடிவு செய்வதைக் கைவிட்டது. வலியோ தொட்டால் நோவோ இருந்தால்தான் லிப்பிடீமா. இல்லாவிட்டால், எவ்வளவு பருத்த காலானாலும் அது வெறும் உடல்வாகு என்று வரையறுத்தது. இதனால் பல பெண்களின் தலையிலிருந்து ‘நோயாளி’ என்ற முத்திரை இறங்கியது, பல பெண்களின் வலிக்கு மருத்துவப் பதிவேட்டில் இடம் கிடைத்தது.

கூட்டுக்குழு கேட்ட ஆய்வு, லிப்லெக் என்ற பெயரில் 2021-இல் தொடங்கியது. ஏறத்தாழ 450 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, மறு பிரிவுக்கு ஸ்டாக்கிங், மசாஜ், உடற்பயிற்சி மட்டும். வெற்றியைத் தீர்மானிக்கும் முதன்மை அளவாகக் காலின் சுற்றளவை எடுக்கவில்லை, பெண்கள் சொன்ன வலியின் அளவை எடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அறுவை செய்துகொண்டவர்களுக்கே தெளிவாக வலி குறைந்திருந்தது, எந்த நிலையில் இருந்தவர்களானாலும். 2025 ஜூலையில் குழு எல்லா நிலைகளுக்கும் காப்பீட்டை நிரந்தரமாக்கியது. கூடவே ஒரு கெட்டிக்கார விதியையும் வைத்தது. நோய் இது என்று உறுதி செய்யும் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். தன் கடைச் சரக்கைத் தானே பரிந்துரைக்கும் வழியை அது அடைத்துவிட்டது. லைப்போசக்‌ஷன் விளம்பரங்கள் செல்போன் திரையில் வரிசைகட்டி வரும் நம் ஊருக்கும் பொருந்தும் விதி.

பிரிட்டன் இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னது. புதிய சிகிச்சைகளை எடைபோடும் நைஸ் நிறுவனம் 2022 மார்ச்சில், லிப்பிடீமாவுக்கு லைப்போசக்‌ஷனை ஆராய்ச்சியின் பகுதியாக மட்டுமே செய்யலாம் என்றது. நீர்ச்சத்து நிலைகுலைவு, கொழுப்புத் துணுக்கு ரத்தக்குழாயை அடைப்பது, ஆழ் சிரையில் ரத்தம் உறைவது, மரப்பு மருந்து விஷமாவது என்று நான்கு ஆபத்துகளைப் பெயர் சொல்லி எச்சரித்தது. ஜெர்மன் ஆய்வின் முடிவு வருவதற்கு முந்தைய தீர்ப்பு அது என்றாலும், எச்சரித்த ஆபத்துகள் ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு வேளையில் பல லிட்டர் கொழுப்பை எடுக்கும் அறுவை, சின்ன க்ளினிக்கில் மதியம் செய்து சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிற வேலை அல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியலில் லிப்பிடீமாவுக்குத் தனி எண் இருக்கிறது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆலனும் ஹைன்ஸும் எழுதி 82 வருடங்கள் கழித்து. ஜெர்மனியில் சண்டை இன்னும் ஓயவில்லை. எடை மிக அதிகமுள்ள பெண்களுக்குப் புதிய விதியிலும் அறுவைக்கு வழியில்லை. முதலில் பருமனுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறது அந்த விதி. மயக்க மருந்தின் ஆபத்தையும் நீடித்த பலனையும் கணக்கிட்டு வைத்த வரம்பு அது என்கிறார்கள் மருத்துவர்கள். வலியால் நடக்க முடியாமல், நடக்காததால் எடை ஏறி, எடை ஏறியதால் வலிக்குச் சிகிச்சை மறுக்கப்படும் பெண்களின் கேள்விக்கு அந்தக் கணக்கில் இன்னும் பதில் எழுதப்படவில்லை.